ஹில்டிங் அளந்து வாங்கிய இன்வெர்ட்டர்

ஆல்ஷேர் தீவு ஹில்டிங்கைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் படகுக் கதையைத்தான் சொல்வார்கள். யாரைக் கேட்டாலும் என்று சும்மா எழுதிவிட்டேன். ஆல்ஷேரில் ஹில்டிங்கையும் அவர் மனைவி குன்னெவியையும் விட்டால் மிச்சம் ஆடுகள். கேட்பதானால் பக்கத்துத் தீவுகளில்தான் கேட்க வேண்டும்.

கதை இதுதான். ஒரு குளிர்காலம் முழுக்கப் படகுக் கொட்டகைக்குள்ளேயே உட்கார்ந்து அவர் ஒரு படகு கட்டினார். உறைந்த கடல் மேல் நடந்து வந்து பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வாசலைவிடப் படகு அகலம், வசந்தத்தில் கொட்டகையை இடித்துத்தான் வெளியே எடுக்க வேண்டும் என்று அவருடைய மச்சினன் பந்தயமே கட்டினான். வசந்தம் வந்தது. படகும் வெளியே வந்தது. இந்தப் பக்கம் ஒரு செய்தித்தாள் நுழையும், அந்தப் பக்கம் ஒரு செய்தித்தாள் நுழையும், அவ்வளவுதான் இடைவெளி. பந்தயத்தில் தோற்ற மச்சினன் கோட்டு சூட்டோடு கடலில் குதித்தான்.

மனுஷர் எல்லாவற்றிலும் அப்படித்தான். போன வருஷத்து உருளைக்கிழங்கில் கடைசிக் கிழங்கை, புதுக் கிழங்கு தோண்டுவதற்கு முந்தின நாள் சாப்பிடுவார். சட்டையில் ஒரு விரல் தொளதொளப்பு இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். திருப்பிக் கொண்டு போகிறவன் நான்தான். தீவுகளுக்குத் தபால் படகு ஓட்டுகிறேன். தபால், மருந்து, நாய்த் தீனி, வம்பு எல்லாம் கொண்டு போவேன். கடைசியில் சொன்னதுதான் எப்போதும் அதிக கனம்.

"இவருக்கு சவப்பெட்டி செய்யறவன் பாவம், ஸ்வாண்டே," என்பார் குன்னெவி என்னிடம். "உள்ள படுத்துப் பாத்துட்டுத்தான் இவரு வாங்குவாரு."

"படுத்துப் பாக்காம வாங்கறவன்தான் முட்டாள்," என்பார் ஹில்டிங்.

அந்த வருஷம் இரண்டு கெட்ட செய்தி ஒன்றாக வந்தது. முதலாவது, அவருடைய நுரையீரல். மீன் பிடிக்க வருவதற்கு முன்னால் இளவயதில் கப்பல் பட்டறையில் துரு சுரண்டிக்கொண்டிருந்தார். அப்போது உள்ளே போன தூசி இத்தனை வருஷம் வாடகை இல்லாமல் குடியிருந்துவிட்டு இப்போது வீட்டையே எழுதிக் கேட்டது. ஆக்ஸிஜன் மெஷின் வைத்துத்தான் இனி இருக்க வேண்டும் என்றார் நகரத்து டாக்டர். இரண்டாவது, கடலுக்கடியில் ஆல்ஷேருக்கு வந்துகொண்டிருந்த கரண்டு கம்பியை ஏதோ கப்பலின் நங்கூரம் இழுத்து அறுத்துவிட்டது. கம்பிக்காரர்கள் வந்தார்கள். நல்ல உடுப்பு, நல்ல பூட்ஸ். ஒரு வீட்டுக்காக மறுபடி கடலில் கம்பி போட முடியாது, ஒரு தொகை தருகிறோம், சோலார் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, குன்னெவியின் காபியை இரண்டு இரண்டு கோப்பையாகக் குடித்துவிட்டுப் போனார்கள்.

டாக்டர் பேச்சு சுருக்கம். வீட்டில் கரண்டு நிற்காமல் இருக்கும் என்றால் மெஷினோடு வீட்டிலேயே இருக்கலாம். ஆகஸ்டு கடைசியில் ஒரு நர்ஸ் வந்து பார்ப்பாள். அவள் சரி என்றால் ஆல்ஷேர். இல்லை என்றால் நகரத்து ஆஸ்பத்திரியில் நீண்ட நாள் நோயாளிகள் வார்டு. அந்த வார்டுக்கு நான் பல பேரைப் படகில் ஏற்றிப் போயிருக்கிறேன். ஒருவரையும் திருப்பி ஏற்றி வந்ததில்லை.

ஆகவே இன்வெர்ட்டர். சோலார் பலகையும் பாட்டரியும் எதை வேண்டுமானாலும் வாங்கிப் போடலாம். பாட்டரியில் இருக்கிறதை வீட்டுக் கரண்டாக மாற்றித் தருகிற அந்தப் பெட்டியைத் தப்பாக எடுத்தால் மொத்தமும் வீண் என்று ஹில்டிங் சீக்கிரமே புரிந்துகொண்டார். புரியாதவர்கள் நாங்கள்தான். அந்த வசந்தத்தில் தீவுக் கூட்டம் முழுக்க ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பாதிரியார்கூட ஒரு மாடல் சொன்னார்.

பெரிய தீவில் கிறிஸ்டர் என்பவன் கடை வைத்திருக்கிறான். வலை, பெயிண்ட், ஆணி, கொஞ்ச நாளாக சோலார் சாமான். நான் ஹில்டிங்கைப் படகில் கூட்டிப் போனேன். மூச்சு வாங்க வாங்கக் கடைக்குள் நடந்து போய் நாற்காலியைக் கேட்டு வாங்கி, இன்வெர்ட்டர் அலமாரிக்கு எதிரே போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சின்னது ஒண்ணு இருக்கு. விலை கம்மி," என்றான் கிறிஸ்டர்.

"இது குடுக்கற கரண்டு எப்படி? வழவழன்னு வருமா?"

"படிக்கட்டு மாதிரி வரும். பல்பு எரியும், டிவி ஓடும்."

"என் மூச்சு மெஷின்?"

"அது முனகும், சூடாகும். அதை இதுல மாட்டினா, நான் வித்தேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"அப்ப அதைத் தள்ளி வை. அந்த யானை என்ன?"

"ஐயாயிரம் வாட். இதுல ஊரையே மாட்டலாம்."

"ஊரை எங்க போயித் தேடுவேன்? நானும் குன்னெவியும் ஆடும்தான் இருக்கோம். சரி, இதுல ஒண்ணுமே மாட்டலன்னு வை. சும்மா இருக்கறப்ப அதுவா எவ்வளவு தின்னும்?"

கிறிஸ்டர் காதைச் சொறிந்தான். "கொஞ்சம் தின்னும்."

"கொஞ்சம்னா?"

"அறுபது வாட் இருக்கும்."

ஹில்டிங் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார். இரவும் பகலும் அறுபது. பிறகு கண்ணைத் திறந்தார். "நவம்பர்ல மேகம் போட்டா என் பலகை நாள் பூரா குடுக்கறதை இவன் ஒருத்தனே சும்மா உக்காந்து தின்னுட்டுப் போயிடுவான்."

"எங்க மச்சான் மாதிரி," என்றேன் நான்.

"உங்க மச்சானாவது கிறிஸ்துமஸுக்கு ஒரு மீன் கொண்டாருவான். இவன் அதுவும் மாட்டான்."

நடுவில் ஒன்று இருந்தது. இரண்டாயிரம் வாட், வழவழப்பான கரண்டு, சும்மா இருக்கும்போது தின்பது மிகக் குறைவு. ஹில்டிங் வீட்டில் எல்லாவற்றையும் அளந்துகொண்டு வந்திருந்தார். மூச்சு மெஷின் இவ்வளவு, ஃப்ரீசர் இவ்வளவு. கிணற்று மோட்டார் கிளம்புகிற நொடியில் மூன்று மடங்கு இழுக்கும், ஓட ஆரம்பித்த பிறகு அடங்கிவிடும். அந்த ஒரு நொடி இழுப்பையும் இந்த நடுப் பெட்டி தாங்கும். மூன்றும் சேர்ந்து ஓடினாலும் தாங்கும். அதற்கு மேல் ஒன்றையும் தாங்காது. அவர் முகத்தில் அந்தப் படகு வாசலைத் தாண்டிய நாளின் சிரிப்பு வந்தது.

"கொஞ்சம் கூடுதலா வச்சு வாங்குங்க, ஹில்டிங்," என்றான் கிறிஸ்டர். "யாராவது வந்தா?"

"யாரு வருவா?"

"நான் வருவேன்," என்றேன்.

"நீ கரண்டுல ஓடற ஆள் இல்லையேடா. கேக்குல ஓடற ஆள்."

ஜூனில் எல்லாம் மாட்டி முடித்தோம். குளிர்காலத்தில் சூரியன் தரையோடு தவழ்ந்துதான் வரும் என்பதால் பாதிப் பலகைகளைச் சுவரில் நிமிர்த்தி அடிக்கச் சொன்னார். நான் ஏணியைப் பிடித்தேன், அவர் நாற்காலியில் உட்கார்ந்து என்னைத் திட்டினார். இன்வெர்ட்டரை நடைவாசல் அறையில் மாட்டி முதல் தடவை போட்டபோது உள்ளே ஒரு சின்ன விசிறி சுற்றியது. குன்னெவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார்.

"இவ்வளவுதானா? நம்ம பூனை இதைவிட சத்தமா தூங்கும்."

"அதான் விஷயமே," என்றார் ஹில்டிங்.

ஒரே ஒரு கஷ்டம் காபி. ஆக்ஸிஜன் ஓடும்போது பக்கத்தில் நெருப்பு கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஆகவே விடிந்ததும், ஹில்டிங் மெஷினை விட்டுக் கொஞ்ச நேரம் வெளியே உட்கார்ந்திருக்கும்போதே குன்னெவி விறகு அடுப்பைப் பற்றவைத்துக் காபி போட்டு பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிடுவார். அவர் தங்கை வாங்கிக் கொடுத்த கரண்டுக் காபி மெஷின் சாமான் அறையின் மேல் தட்டுக்குப் போனது. அது தனியாகவே ஆயிரத்து ஐந்நூறு வாட் இழுக்கும். "அந்தப் பொம்பளையை இறக்கினா நம்ம ரெண்டு பேரும் வெளிய போக வேண்டியதுதான்," என்று ஹில்டிங் சொல்லி வைத்திருந்தார். கோடை முழுக்க ஒரு தடவைகூடக் கரண்டு நிற்கவில்லை. எனக்கும் பிளாஸ்க் காபிதான். நான் வீட்டு ஆள் கணக்கு.

வெளி ஆள் கணக்கு வேறு. எங்கள் தீவுகளில் விருந்தாளிக்குக் காபி கேட்டால் முதல் தடவை வேண்டாம் என்பான். அது மரியாதை. இரண்டாவது தடவையும் வேண்டாம் என்பான். அது நல்ல வளர்ப்பு. மூன்றாவது தடவை, "சரி, உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா அரைக் கோப்பை" என்பான். பிறகு மூன்று கோப்பை குடிப்பான். மூன்றாவது தடவையும் வேண்டாம் என்று ஒருவர் சொல்லி நான் கேள்விப்பட்டது ஒரே முறை. வலை போடும் எல்லையில் வந்த தகராறு அது. அந்த இரண்டு குடும்பமும் இன்றைக்கும் தேவாலயத்தில் ஆளுக்கொரு கோடியில் உட்காருகிறது.

நர்ஸ் பெயர் பைவிக்கி. உள்நாட்டில் ஏரிப் பக்கத்துப் பெண். எங்கள் பாஷையைப் பள்ளிக்கூடத்தில் கற்றவள், ஒவ்வொரு வார்த்தையையும் அதன் அர்த்தத்துக்காகவே பேசுவாள். ஆகஸ்டு கடைசியில் நல்ல வெயில் நாளில் நான்தான் படகில் கூட்டி வந்தேன். குன்னெவி ஏழு வகை கேக்கும் பிஸ்கட்டும் முந்தின நாளே சுட்டு மேஜையில் பரப்பியிருந்தார்.

பைவிக்கி மெஷினைப் பார்த்தாள். ஹில்டிங்கின் விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தாள். பாட்டரி, ஃப்ரீசர் எல்லாம் பார்த்தாள். குழாயைத் திறந்துவிடச் சொன்னாள். கிணற்று மோட்டார் கிளம்பியது, விளக்கு லேசாகக் கண் சிமிட்டியது, மூச்சு மெஷின் அது பாட்டுக்கு ஓடியது. அவள் தலையை ஆட்டினாள்.

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க. நான் இவ்வளவு எதிர்பாக்கல."

ஹில்டிங்கின் காது சிவந்தது.

"உக்காரும்மா, காபி குடிக்கலாம்," என்றார் குன்னெவி.

"வேண்டாம், நன்றி."

"ஒரு கோப்பைதானே."

"இல்ல, வேண்டாம். கப்பல் துறையிலயே குடிச்சேன்."

"கேக் எல்லாம் இருக்கே. சும்மா வாய் நனைச்சுக்க."

"வேண்டாங்க. நிஜமாவே வேண்டாம்."

மூன்று. குன்னெவியின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஹில்டிங்கும் பார்த்தார். "பிளாஸ்க்ல இருக்கே, அதை ஊத்திக் குடு," என்றார் மெதுவாக. பைவிக்கி அப்போது இன்வெர்ட்டரை இன்னொரு தடவை பார்க்க நடைவாசல் அறைக்குப் போயிருந்தாள். அவரும் ஆக்ஸிஜன் குழாயை இழுத்துக்கொண்டு அவள் பின்னால் போனார், பெட்டியைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல.

"காலையில போட்ட காபியை ஆஸ்பத்திரிப் பிள்ளைக்கா?" என்று குன்னெவி என்னிடம் கேட்டார். "என்ன கோபமோ தெரியலையே. இந்த வீட்டுல எது குறையாப் பட்டுச்சு?"

"அவ ஏரிக்காரிம்மா. அவங்க அப்படித்தான்," என்றேன்.

அவர் காதில் விழவில்லை. சாமான் அறைக்குள் ஏதோ உருண்டது. குடுவையில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. காலையிலிருந்து குழாயைத் திறந்து திறந்து காட்டியதில் தொட்டித் தண்ணீர் இறங்கியிருந்தது போலும். காபி மெஷின் முதல் சொட்டை விட்ட அதே நேரத்தில் கிணற்று மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

டக் என்று ஒரு சத்தம். விசிறி நின்றது, ஃப்ரீசர் நின்றது. ஒரு மூச்சு நேரம் வீடு செத்த மாதிரி இருந்தது. பிறகு ஆக்ஸிஜன் மெஷின் அலற ஆரம்பித்தது. அப்படி அலற வேண்டும் என்றே செய்த சத்தம் அது.

ஹில்டிங் பட்டனை அழுத்தினார். இன்வெர்ட்டர் எழுந்து, சிவப்பு விளக்கைக் காட்டி மறுபடி விழுந்தது. பைவிக்கி பையிலிருந்து சின்ன ஆக்ஸிஜன் பாட்டிலை எடுத்துக் குழாயை மாற்றி மாட்டினாள். சமையலறை வாசலில் குன்னெவி நின்றார், பிடுங்கிய பிளக் கையில். அடுத்த அழுத்தலில் எல்லாம் ஒழுங்காக எழுந்தது. அலறல் நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம்.

"இது மாதிரி நடக்காம பண்ண முடியுமா?" என்று பைவிக்கி கேட்டாள். வழி தேடித்தான் கேட்டாள், அது எனக்கே தெரிந்தது. "பெரிய இன்வெர்ட்டர் இருக்கும்ல?"

"இருக்கு," என்றார் ஹில்டிங். "போட்டா இது நடக்காது."

"அப்ப அதைப் போட்டுட்டு சொல்லுங்க. நான் மறுபடி வந்து பாக்கறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் ஹில்டிங் தொடர்ந்தார். "ஆனா அது சும்மாவே தின்னும். நவம்பர், டிசம்பர்ல பாட்டரி நிக்காது."

"ஜெனரேட்டர்?"

"வைக்கலாம். டீசல் இருக்கற வரைக்கும் ஓடும்."

"டீசல் நான் கொண்டாருவேன்," என்றேன் நான் அவசரமாக.

"பனி ரெண்டுங்கெட்டானா இருக்கற வாரத்துல?" என்றார் ஹில்டிங் என்னைப் பார்த்து. அந்த வாரங்களில் கடல் மேல் உறைந்த பனி ஆளையும் தாங்காது, படகையும் விடாது. சில வருஷம் அது வாரக்கணக்கில் நீளும். மூடுபனி வேறு சேர்ந்துகொண்டால் ஹெலிகாப்டரும் வராது.

"அந்த வாரத்துல இந்த மெஷின் நின்னா என்ன பண்ணுவீங்க?" என்று பைவிக்கி கேட்டாள்.

பொய் சொல்லத் தெரிந்த ஒரு ஆள் அந்த மேஜையில் இருந்தான், அது நான். ஆனால் கேள்வி என்னிடம் இல்லை.

"ஒண்ணும் பண்ண முடியாது," என்றார் ஹில்டிங்.

"அந்த பிளாஸ்க்ல காபி இருந்தா குடுங்க," என்றாள் பைவிக்கி. நின்றுகொண்டே குடித்தாள். குன்னெவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது படகில் அவள் என்னைக் கேட்டாள். "நான் மூணு தடவை வேண்டாம்னு சொன்னேனே. அப்புறமும் ஏன் போட்டாங்க?"

"அதனாலதான்," என்றேன். அவளுக்குப் புரிய வைக்கப் பாதித் தூரம் ஆயிற்று. புரிந்தபோது அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டரின் பதில் செப்டம்பரில் வந்தது. நான் கொண்டு போன தபால்தான். ஹில்டிங் அதைப் பிரிக்காமலே என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னார்: வார்டு. ஊரில் பலரும் காபியைக் குறை சொன்னார்கள். சிலர் நர்ஸைச் சொன்னார்கள். கிறிஸ்டர் மட்டும், பெரிய இன்வெர்ட்டரை இனாமாகவே தருகிறேன், கேட்டுச் சொல் என்று என்னைப் பிடித்துக்கொண்டான். படகுத் துறையில் உட்கார்ந்திருந்த ஹில்டிங்கிடம் சொன்னேன்.

"அவன் நல்லவன். வேண்டாம்னு சொல்லு."

"பெரிசையே வாங்கியிருக்கலாமோ, பெரியவரே?"

"பெரிசு வாங்கியிருந்தா அந்தப் பொண்ணு சந்தோஷமா கிளம்பியிருக்கும். நான் நவம்பர்ல கிளம்பியிருப்பேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "வசந்தத்துல கிறிஸ்டர் கடையில உக்காந்திருந்தப்பவே எனக்குத் தெரியும்டா. அந்த அலமாரியில எனக்குத் தகுந்தது இல்ல. எந்தக் கடையிலயும் இல்ல. சரி, ஒரு கோடை கிடைக்கும்னுதான் நடுவுல இருந்ததை எடுத்தேன்."



கிளம்பிய நாளில் கடல் அமைதியாக இருந்தது. குன்னெவி தேவாலயத்துக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தார். துணைக்குப் போய் அவரைப் படுக்கையில் சேர்த்துவிட்டு என்னோடேயே திரும்புவதாக ஏற்பாடு. வார்டில் துணையாள் தங்க இடமில்லை. ஹில்டிங்கைத் துணிமூட்டைகளுக்கு நடுவில் உட்கார வைத்தோம். ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பிய ஆக்ஸிஜன் பாட்டில் அவர் முழங்கால்களுக்கு நடுவில் நின்றது. தீவு பாறைக்குப் பின்னால் மறைந்தது.

"என் கையாலதான்," என்றார் குன்னெவி. தன் மேல் தப்பு என்று அவர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"என்ன உன் கையால?"

"நீ அத்தனை தடவை சொல்லியும் அதைப் போய் எடுத்தேனே."

"அந்தப் பொண்ணு மூணு தடவை வேண்டாம்னுச்சு. நீ என்ன பண்ணுவே? நீ போடலன்னா நானே எந்திரிச்சுப் போய்ப் போட்டிருப்பேன்."

"பொய்."

"நான் எப்பவாவது பொய் சொல்லியிருக்கேனா?"

"அந்த நர்ஸ்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லியிருக்கலாம்," என்றார் குன்னெவி. "எனக்காக."

குன்னெவி கையுறையைக் கழற்றிவிட்டு ஹில்டிங்கின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தாரே தவிர அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் எஞ்சினைக் குறைத்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்துத்தான், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். எதிரே வந்த மீன்படகுக்கு வழி விடுகிற மாதிரி ஒரு பாறையைச் சுற்றிக்கூட வளைத்துப் போனேன். அந்த இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் உட்காரட்டுமே என்றிருந்தது.

"ஸ்வாண்டே," என்றார் ஹில்டிங்.

"என்ன?"

"ஏன்டா மெதுவாப் போறே?"

"காத்து ஏறுது, அதான்."

அவர் குனிந்து ஆக்ஸிஜன் பாட்டிலின் அளவு முள்ளைப் பார்த்தார். பிறகு கரையைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்காரங்க கப்பல் துறை வரைக்கும் கணக்காத்தான் அடைச்சு அனுப்பியிருக்காங்க. வேகமாப் போ."

நான் எஞ்சினைக் கூட்டினேன்.